பூத் தூவ ஒரு மோட்டார்

ரிமோட் ஹெலிகாப்டருக்கு மோட்டார் விக்கிறவனுக்கு சரக்கு ரெண்டாம்பட்சம், பொறுமைதான் முதலீடு. கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்னு வயித்தெரிச்சல் பட்டவங்களே, என் கதையையும் கேளுங்க.

கனமா இருந்தாத்தான் மோட்டாரு

ஓசூர்ல என் கடைக்கு வர்றவங்க பாதிப்பேரு கம்பெனி ஆளுங்கதான். அதுல முனிரத்தினம் அண்ணன் ஷிப்ட் சூப்பர்வைசர். ஆயுத பூஜை அன்னிக்கு ஹெலிகாப்டர்லேர்ந்து மெஷின் மேல பூத் தூவுறேன்னு மொத்தக் கம்பெனிகிட்டயும் வாய் விட்டுட்டாரு. எல்லாரும் குடும்பத்தோட வர்ற நாளு, பறக்கலேன்னா மானம் போயிடும். அந்த நேரம் பாத்து அவரோட பழைய மோட்டார் கருகிப் போச்சு.

உங்க பேட்டரிக்கும் ஹெலிகாப்டர் சைசுக்கும் இதுதான் பொருந்தும்னு ஒரு சின்ன மோட்டாரை எடுத்துக் குடுத்தேன். உள்ளங்கையில வெச்சு எடை பாத்தாரு. உதட்டைப் பிதுக்கினாரு. பக்கத்துல இருந்த தடியன் மோட்டாரை எடுத்துக்கிட்டாரு. நானும் தலைகீழா நின்னு பாத்துட்டேன், கேக்கல.

"மோட்டாரோடயே பொழப்பு நடத்துறவன் நானு, பாய். வெயிட்டு இல்லாத மோட்டாரு என்னாத்த இழுக்கும்?"

வாலுக்கு நட்டு

ஞாயித்துக்கிழமை சூளகிரி பக்கம் ஒரு காலி மைதானத்துக்கு வரச் சொன்னாரு. மனைவி சரசக்காவும் வண்டியில பின்னாடி உக்காந்து வந்திருந்தாங்க. ஹெலிகாப்டர் ஒரு சாண் எந்திரிச்சு, மூக்கை மண்ணுல குத்துச்சு. முன்பக்கம் மோட்டார் பாரம். மோட்டாரை மாத்துவாருன்னு பாத்தா, பாக்கெட்லேர்ந்து ரெண்டு இரும்பு நட்டு எடுத்து வாலுல கட்டுறாரு மனுசன். பேலன்ஸாம்.

இப்ப மூக்கு குத்தல. ஆனா இடுப்பு உயரம் போறதுக்குள்ள பேட்டரி காலி. சரசக்கா முந்தானையால வாயை மூடிக்கிட்டு சொன்னாங்க:

"எங்க ஊரு தேரே இதைவிட லேசா நகரும், பாய்."

சந்தனம் குங்குமம்

மறுநாள் கடைக்கு வந்து அந்தச் சின்ன மோட்டாரையே வாங்கிட்டுப் போனாரு. மாட்டினதும் ஜிவ்வுனு பறந்துச்சு. எனக்கு அவ்வளவு சந்தோசம்.

பூஜைக்கு என்னையும் கூப்பிட்டாரு. லேத்துக்குப் பொட்டு, ஃபோர்க்லிப்டுக்குப் பொட்டு. அண்ணன் ஹெலிகாப்டரை மட்டும் விடுவாரா? மோட்டாருக்குச் சந்தனத்தை அப்பி, மேல குங்குமமும் வெச்சுட்டாரு. அது சூடு தணிய உடம்பு பூரா ஓட்டை வெச்ச மோட்டாரு. சந்தனம் உள்ள போயி, மோட்டார் அரைச்சுத்து சுத்தி நின்னுடுச்சு. எல்லார் கையிலயும் போன், வீடியோ ஓடுது. அண்ணன் மூஞ்சி செத்துப் போச்சு.

நல்லவேளை, கம்பெனி ஆச்சே. காத்தடிக்கிற குழாயை இழுத்து மோட்டாருக்குள்ள அடிச்சேன். சந்தனம் குங்குமமெல்லாம் மேனேஜர் வெள்ளைச் சட்டையில போயி ஒட்டுச்சு. மோட்டார் சுத்துச்சு, ஹெலிகாப்டர் எந்திரிச்சுச்சு. மெஷினுக்கு நேர் மேல போனதும் அடியில கட்டின பூ டப்பா திறந்துச்சு. ஆனா ஹெலிகாப்டர் விசிறிக் காத்து பூவை மெஷின்ல விழ விடல. அத்தனை சாமந்தியையும் வாரிக்கிட்டுப் போயி ஓரமா நின்ன சரசக்கா தலையில கொட்டுச்சு. கம்பெனியே கை தட்டுது, அண்ணன் கண்ணு கலங்கி நிக்கிறாரு. சரசக்கா பூவைத் தட்டிவிடாம என்கிட்ட சொன்னாங்க:

"கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு முழம் பூ வாங்கித் தராத மனுசன், பாய். இன்னிக்குக் கூடையோட கொட்டிட்டாரு."

மோட்டார் சுத்தும்னு நான் கேரண்டி குடுப்பேன், பூ எங்க விழும்கிறதுக்கு எந்தக் கடைக்காரனும் பொறுப்பில்லீங்க.