நான்தான் பேசுறேன் அக்கா

எத்தியோப்பியாவில் ‘ஆமாம்’ என்று சொல்ல பலர் வாயே திறப்பதில்லை. மூச்சைச் சட்டென்று உள்ளே இழுப்பார்கள், அவ்வளவுதான். நம் ஊரில் பாம்பைப் பார்த்தால்தான் அப்படி இழுப்போம். நான் ஆம்பூர்க்காரன். அடிஸ் அபாபாவுக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். வந்த புதிதில், மெஷினுக்கு எண்ணெய் விட்டாயா என்று கேட்பேன். உடன் வேலை செய்யும் டெஸ்ஃபாயே மூச்சை இழுப்பான். மெஷின் போச்சு என்று நான் ஓடுவேன். அவன் பின்னால் நின்று சிரிப்பான்.

ஊரில் எனக்கு என்று இருப்பது சரசா அக்கா ஒருத்திதான். மாமா போன பிறகு ஷூவுக்கு மேல்தோல் தைக்கும் வேலைக்குப் போய் மகளை ஆளாக்கினாள். மகளை நர்சிங் சேர்க்கத்தான் சீட்டு கட்டி, எடுத்த பணத்தைத் தொடாமல் பேங்க்கில் வைத்திருந்தாள். போன வருடம் ஒரு காலை, புது நம்பரிலிருந்து அவளுக்கு வாட்ஸ்அப் செய்தி வந்தது. படம் என்னுடையது, நான் எல்லோரும் பார்க்கட்டும் என்று கோட்டு போட்டு எடுத்து வைத்திருந்த படம். “அக்கா, போலீஸ்ல மாட்டிக்கினேன். வக்கீலோட கோர்ட்டுக்குக் கிளம்பிட்டேன். இந்த அக்கவுண்ட்டுக்குப் பணம் போடு.” சீட்டுப் பணம் மொத்தத்தையும் அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம் என் பழைய நம்பருக்குக் கூப்பிட்டாள். “போய்ச் சேந்தியாடா? வக்கீல் இன்னா சொன்னாரு?”

“எந்த வக்கீல்?” என்றேன்.

அதன்பின் அவள் அழுத அழுகையை எழுத எனக்குத் தெம்பில்லை. என் வாயும் சும்மா இருக்கவில்லை. “அனுப்பறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?” என்று கத்தினேன்.

“கிளம்பிட்டேன்னு போட்டிருந்தியேடா. நல்லது கெட்டதுக்குக் கிளம்புனவன பின்னாலேர்ந்து கூப்ட்டா காரியம் ஆவாதுன்னு போன கையில வச்சிக்கினு உக்காந்திருந்தேன்.”

எங்கள் வீட்டில் யாராவது படியிறங்கிவிட்டால், சாப்பாட்டு டப்பாவை மறந்து போனாலும் கூப்பிட மாட்டார்கள், ஓடிப்போய் முன்னால் நின்று கொடுப்பார்கள். எத்தியோப்பியாவில் இருக்கிறவனுக்கு முன்னால் எப்படிப் போய் நிற்பது? எனக்கு நல்லது நடக்கட்டும் என்றுதான் என்னைக் கூப்பிடாமல் இருந்தாள். போலீசில் புகார் கொடுத்தாள். உடனே சொல்லியிருந்தால் பணத்தை நிறுத்தியிருக்கலாமாம், அதற்குள் எடுத்துவிட்டார்கள். மகள் அந்த வருடம் காலேஜில் சேரவில்லை, அம்மாவோடு அதே கம்பெனிக்குப் போகிறாள்.

இதை டெஸ்ஃபாயேவிடம் சொன்னபோது வரிக்கு வரி மூச்சை இழுத்தான். இவனாவது நமக்காகப் பதறுகிறானே என்று நெகிழ்ந்துபோனேன். “உங்கள் ஊரிலும் உண்டா? எங்கள் அண்ணனும் இப்படித்தான் ஏமாந்தார்” என்றான். அவ்வளவு நேரமும் ‘ஆமாம், ஆமாம்’ என்றிருக்கிறான்.

அன்றைக்கே அக்காவுக்குச் சொல்லிவிட்டேன். வெளிநாட்டில் ஆளை வைத்திருக்கிற எல்லோருக்கும் அதையே சொல்கிறேன். புது நம்பரில் படத்தையும் குரலையும் நம்பாதீர்கள், இப்போது குரலையும் செய்துவிடுகிறார்கள். வீட்டு ஆளுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். சந்தேகம் வந்தால் வைத்துவிட்டு, பழைய நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள். அவன் கோர்ட்டில் இருந்தாலும் ஆஸ்பத்திரியில் இருந்தாலும் சரி, கூப்பிடுங்கள். அக்கா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவள் குரலில் பழைய தெம்பு இல்லை. எது பேசினாலும் “எனக்கு இன்னாடா தெரியும்” என்றுதான் முடிப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் போனில் பேலன்ஸ் இல்லை. டெஸ்ஃபாயேவின் போனிலிருந்து கூப்பிட்டேன்.

“நான்தான் பேசுறேன் அக்கா.”

“யாரு நீ? நம்ம வூட்டுக் கதவு இன்னா கலர்?”

“நீலம்” என்றேன், யோசிக்கவே இல்லை. நான் தூக்கத்தில் நினைப்பதும் அந்தக் கதவைத்தான்.

வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது. பொங்கலுக்கு முன் கதவுக்குப் பச்சை அடித்துப் படம் அனுப்பியிருந்தாள். நானும் பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரலைப் போட்டிருந்தேன்.

என் சொந்தப் போன் அடித்தது.

“தம்பி, உஷாரா இரு. இப்பத்தான் ஒருத்தன் அப்டியே உன் கொரல்லயே பேசுனான். கதவு கலரு கேட்டேன், நீலம்ன்றான் பேமானி. மூஞ்சில அடிச்சாப்ல வச்சிட்டேன்.”

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அக்கா சிரித்தாள்.

“நல்ல காரியம் பண்ண அக்கா” என்றேன்.

“நீயா இருந்தா கரெக்டா சொல்லியிருப்பல்ல?”

“சொல்லியிருப்பேன் அக்கா.”