மேக்கில் ஓடாத பஸ்

“…ஓடாதுன்னு நான் சொல்லலண்ணே, ஓடும். ஆனா முட்டிவலிக்காரன் மலை ஏறுற மாதிரி ஓடும். மேக்க அழிச்சுட்டு விண்டோஸ் போட்டுருவோம். அப்புறம் பாருங்க, ஒங்க பஸ் பறக்கும்.”

‘அழிச்சுட்டு’ என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், கடைக்காரரின் மேசைமேல் இருந்த மடிக்கணினியை என் மனைவி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன்.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் இருக்கிறது அந்தக் கம்ப்யூட்டர் கடை. சனிக்கிழமை காலை வட்டகொடையிலிருந்து ரயில் ஏறி வந்திருந்தோம். நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். அவள் தோட்டப் பாடசாலையில் டீச்சர். அந்த மேக் அவளுடைய தம்பி கொடுத்தது. கொழும்பில் வேலை செய்கிற அந்த மச்சான் புதிதாக ஒன்று வாங்கியதும், பழையதை அக்காவின் படிப்புக்கென்று கொடுத்துவிட்டான். அவள் வெளிவாரிப் பட்டம் படிக்கிறாள். கடைசி ஆய்வு ஒப்படையை அடுத்த மாதம் கொடுக்க வேண்டும். எங்கள் தோட்டத்து டிவிஷனில் பிள்ளைகள் ஏன் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய், தாய்மாரைப் பேசவைத்து வீடியோ எடுத்து, இரண்டு வருஷமாக எழுதிச் சேர்த்தது. எல்லாம் அதற்குள்ளேதான் இருந்தது.

அதே மேக்கில்தான் நானும் சாயந்தரங்களில் பஸ் ஓட்டினேன். மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிற ஒரு விளையாட்டு. “பகலெல்லாம் ஸ்டியரிங்க பிடிச்சது பத்தலையாங்க? அங்கயாச்சும் ஹோர்ன் அடிக்காம ஓட்டுங்க” என்பாள். ஓட்டினால்தானே அடிக்க! வளைவு வந்தால் பஸ் அந்தரத்தில் நின்றுவிடும். கண்ணை மூடித் திறந்தால் பள்ளத்தில் கிடக்கும். கணினிக்குள்ளே, தொழிற்சாலையில் தேயிலைக் கொழுந்து வாட்டுகிற மாடியில் காத்தாடி இரைவதுபோல ஒரு சத்தம்.

மச்சானிடம் போனில் கேட்டேன். “அது வேல செய்ற மெஷின் மச்சான், வெளயாடுற மெஷின் இல்ல” என்றான். கொடுப்பதற்கு முன்னால் உள்ளே இருந்த நல்லது எதையோ கழற்றி எடுத்துக்கொண்டானோ என்று அன்றைக்கே மனசில் ஒன்று ஓடியது. எங்களோடு வேன் ஓட்டுகிற ஒருவர் இன்னும் விளக்கமாகச் சொன்னார்: “மேக்குங்கிறது கல்யாணச் சீல மாதிரிப்பா. பாக்க நல்லாருக்கும், அதக் கட்டிக்கிட்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போக முடியுமா? விண்டோஸ்தான் வேலைக்கு ஒதவும்.” அதில்தான் நான் விழுந்தேன்.

ஆனால் ரிப்பேர் கடை என்றாலே எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் ஒரு பயம். ரேடியோவாகட்டும், போனாகட்டும், போனது ஒன்று வருவது ஒன்றாக இருக்கும் என்பார்கள். அதனால் கொடுப்பதற்கு முன் ஏதாவது ஒரு அடையாளம் போட்டுவிடுவோம். வெள்ளிக்கிழமை என் மனைவி மேக்கைக் கவிழ்த்துவைத்து, அடியில் இருந்த பத்துத் திருகாணிக்கும் நகப்பூச்சால் சிவப்பாகப் புள்ளி வைத்தாள்.

“ரெண்டையுமே வச்சுக்க முடியாதா தம்பி? மேக்கும் இருக்கட்டும், விண்டோஸும் இருக்கட்டும்” என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

“இந்த மொடலுக்கு வைக்கலாம்ண்ணே. எடம் எங்க இருக்கு? டீச்சரோட வீடியோவே ரொம்பிக் கெடக்கு. அத வேற ஒன்னுல காப்பி எடுத்துட்டு…”

“காப்பி எடுத்தத ஒங்க விண்டோஸ்ல தொறந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்” என்றாள் மனைவி. “பிரின்ட் எடுக்கப் போன எடத்துல பாத்தேன். தமிழெழுத்து பூரா கட்டம் கட்டமா நின்னுச்சு. இத நான் திரும்ப எழுதணும்னா இன்னும் ரெண்டு வருஷம் வேணும். இவரு பஸ் ஓட்டணும்னு நான் பட்டத்த விடவா?”

இடமில்லை என்பதே, வேறு எதையாவது நம் தலையில் கட்டுவதற்கான பேச்சோ என்று எனக்கு ஒரு யோசனை. ‘இவர் கடைக்காரரோடு முன்னாலேயே பேசிவைத்துத்தான் நம்மைக் கூட்டிவந்திருக்கிறார்’ என்று அவளுக்கு ஒரு யோசனை. அது அவள் முகத்திலேயே இருந்தது. ‘இந்த மேக் இவர்களுடையதுதானா’ என்று கடைக்காரருக்கும் ஒரு யோசனை இருந்திருக்கும். “யாரு வாங்குனது?” என்று இரண்டு தடவை கேட்டார்.

கடைசியில் அவரே, “சரி டீச்சர், அழிக்கல. இவ்வளவு இரைச்சல் எதுக்குன்னு மட்டும் தொறந்து பாக்குறேன். ஒங்க கண்ணு முன்னாலயே” என்றார். பாதி மனசோடு கொடுத்தாள். கடைக்காரர் அதைக் கவிழ்த்துவைத்து உற்றுப் பார்த்தார்.

“என்ன டீச்சர், பத்து ஆணிக்கும் பொட்டு வச்சு அனுப்பியிருக்கீங்க! கற்பூரம் காட்டலையா?”

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அவர் ஒவ்வொரு பொட்டாகச் சுரண்டி, ஆணியைக் கழற்றி, வரிசை மாறாமல் அவள் பார்க்கிற மாதிரி ஒரு மூடியில் வைத்தார். தகட்டைத் தூக்கியதும் புகை வாசம் அடித்தது. காத்தாடியே தெரியாதபடி கரி படிந்து, எண்ணெய்ப் பிசுக்கோடு பஞ்சுபோல அடைத்துக் கிடந்தது.

“இது கம்ப்யூட்டரா, அடுப்பாண்ணே?”

மழை மாதங்களில் எங்கள் லயத்தில் எதுவும் காயாது. பிறப்புச் சான்றிதழிலிருந்து சப்பாத்து வரைக்கும் அடுப்புக்கு மேலே இருக்கிற பலகைத் தட்டில்தான் வைப்போம். பனி பட்டுக் கெட்டுவிடுமே என்று, மேக்கையும் ஒரு பழைய ஸ்வெட்டரில் சுற்றி அங்கே வைத்தவன் நான்தான். மச்சானையும் சந்தேகப்பட்டேன், கடைக்காரரையும் சந்தேகப்பட்டேன், மேக் செய்த கம்பெனியைக்கூட விடவில்லை. மூன்று வேளையும் புகைந்த எங்கள் விறகடுப்பை மட்டும் நினைக்கவில்லை. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத இந்தத் தாள் தாங்காது.

தூரிகையால் தட்டி, ஊதி, துடைத்து முடிக்க ஒரு மணித்தியாலம் ஆனது. பிறகு விளையாட்டைப் போட்டுக் காட்டினார். வளைவில் பஸ் ஒரு தடவை விக்கியது, ஆனால் திரும்பியது.

“பொய் சொல்ல மாட்டேண்ணே, விண்டோஸ்ல இதவிட நல்லா ஓடும். போடவா, வேணாமா? நீங்களே சொல்லுங்க.”

அந்தக் கொண்டை ஊசி வளைவு இன்னும் கண்ணில் நின்றது. பக்கத்தில் அவள் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“வேணாம் தம்பி. விக்கிக்கிட்டே ஓடட்டும்” என்றேன்.

அவள் என்னை நம்பினாளா தெரியவில்லை. கடைக்காரரைத்தான் கேட்டாள்: “தொடச்சப்ப உள்ள எதையும் அழிக்கலையே?”

அவர் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பிவைத்தார், உட்கார ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் ஒப்படையைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை எழுத்தெழுத்தாகப் பார்த்து முடிக்கிறவரைக்கும், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, தன் கடையிலேயே அந்நியர் மாதிரி படிக்கட்டுப் பக்கம் திரும்பி நின்றார்.