சவரியக்காவும் மூன்றாவது டிரம்மும்

செய்தி வந்தபோது நான் பூசை முடித்து விபூதித் தட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். சவரியக்காவின் மகள் ஸ்டெல்லா போனில் அழவில்லை. “சித்தி, அம்மா விடியக்காலம் போயிட்டாக. வலியில்லாமப் போயிட்டாக. காப்பி கேட்டாக, நான் ஆத்திக் கொண்டாரதுக்குள்ள முடிஞ்சிருச்சு” என்றாள்.

எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, நிம்மதி. மதுரை ஆஸ்பத்திரியில் மூக்கிலும் கையிலும் குழாயோடு கிடந்தபோது, “இந்தக் குழாயோட வேணாம் ஆண்டவரே, வீட்டுல வச்சு எடுத்துக்க” என்று அவர் வேண்டியதைப் பக்கத்தில் நின்று கேட்டவள் நான். என் முருகனிடமும் அதையேதான் வேண்டினேன். இரண்டு பக்கமும் மனுக் கொடுத்ததில் யாருக்கோ கேட்டிருக்கிறது. சவரியக்காவை அறிந்த உங்களுக்கும் இதைக் கேட்டு மனசு கொஞ்சம் ஆறும் என்றுதான் முதலில் சொல்கிறேன்.

சவரியம்மாள் என்று முழுப்பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. பேரூராட்சி ஆபீசில் டைப் அடித்து ஓய்வு பெற்றவர். அதன்பிறகு எங்கள் மகளிர் குழுவுக்குத் தலைவியானார். வீடு வீடாகக் குப்பை வாங்கி, மக்குவதற்கு ஒரு டிரம், மக்காததற்கு ஒரு டிரம் என்று தரம் பிரிப்பதும், ஊர்க்கிணற்று மோட்டாரையும் மேல்நிலைத் தொட்டியையும் பார்த்துக்கொள்வதும் குழுவின் பொறுப்பு. முருகன் கோயில் தெருப் பெண்களும் மாதா கோயில் தெருப் பெண்களும் சேர்ந்த குழு அது. வரவு செலவு எழுதுவது என் வேலை. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். மற்றதெல்லாம் பலசரக்குப் பொட்டலக் காகிதத்தில் படித்தது.

அந்த நாட்களில் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கைகள் வரும். திடக்கழிவு மேலாண்மை, மக்கும் குப்பை, கழிவுநீர் மறுபயன்பாடு, நிலத்தடி நீர் செறிவூட்டல் என்று ஒவ்வொரு சொல்லும் மலை மாதிரி நிற்கும். “இதையெல்லாம் டைப் அடிச்சே என் விரலு தேஞ்சிச்சு. பாதிக்கு எனக்கே அர்த்தம் தெரியாது” என்பார் சவரியக்கா. அதனால் கூட்டத்துக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்: “இந்தச் சொல்ல உங்க வீட்டுல எங்கன வைப்பீக? இடஞ்சொன்னாத்தான் மேக்கொண்டு பேச்சு.” கழிவுநீர் மறுபயன்பாடு என்றால் பாத்திரம் கழுவும் தண்ணீர் வாழைக்குப் போவது. இது உடனே வந்துவிட்டது. நிலத்தடி நீர் செறிவூட்டலுக்கு எல்லோரும் முழித்தோம். எங்கள் தெருப் பேச்சியம்மாள்தான் வாயைத் திறந்தாள்.

“எங்க வீட்டுக்காரருக்குச் சோறு போடுற மாதிரிக்கா. போட்டுக்கிட்டே இருக்கணும், எங்கன போகுதுன்னு தெரியாது.”

“மழைத்தண்ணி என்னிக்காவது திரும்பி வரும்டி. நீ போட்ட சோத்துக்கு அவரு என்னத்தத் திருப்பித் தந்தாரு?” என்றார் சவரியக்கா. அன்றைக்குக் கூட்டம் அதோடு கலைந்தது.

ஒரு மாசியில் கிணற்றுத் தண்ணீர் வாடை அடிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் ப்ளீச்சிங் பவுடர் கூடுதலாக வாங்குவது என் கணக்கில் தெரிந்தது. மோட்டார்க் குழாயின் அடியில் தண்ணீர் உறிஞ்சும் புட்வால்வு அடிக்கடி அடைத்துக்கொண்டது. பங்குனியில் பேச்சியம்மாளின் பேரனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. மேட்டில் புதிதாக வந்திருந்த திராட்சைச் சாறு கம்பெனி மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். வெறும் குடத்தைத் தூக்கிக்கொண்டு கம்பெனி கேட்டுக்கு முன்னால் உட்காருவது என்று முடிவானது.

“போவோம். நான் முன்னாடி நிக்கிறேன்” என்றார் சவரியக்கா. “ஆனா, ‘கெணத்த எறைச்சுப் பாத்தீகளா’ன்னு அந்தக் கம்பெனி ஆபீசர் கேட்டா என்ன பதில் சொல்லுவீக?”

மறுநாள் கிணற்றை இறைத்தோம். தூர் வாருகிறவர்கள் கயிறு கட்டி இறங்கி, கூடையில் அள்ளி அனுப்பினார்கள். முதலில் சேறு வந்தது. பிறகு முடிச்சுப் போட்ட கேரிபேக்குகள் வந்தன. பிரித்தால் வாடிய மாலை, வில்வம், வாழைநார், குங்குமப் பொட்டலம், குச்சனூர்க் கோயிலிலிருந்து வாங்கி வந்த பிரசாதக் காகிதம், சாயம் போன சாமி படங்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரிய வேண்டும். சாமிக்குச் சாத்திய பூவில் கால் படக்கூடாது. அதனால் ஓடுகிற தண்ணீரில் விடுவோம். எங்கள் வாய்க்காலில் ஓட்டம் நின்றால், வைகாசி முடிந்து அணைத் தண்ணீர் திறந்தால்தான் மறுபடி ஓட்டம். இடைப்பட்ட காய்ந்த மாதங்களில் கிணறுதான் கதி. மக்கும் குப்பைக்கு வீட்டில் இடம் சொன்னபோது காய்கறித் தோலைச் சொன்னோம், எச்சில் இலையைச் சொன்னோம். பூவை ஒருத்தியும் சொல்லவில்லை. மறைத்துச் சொல்லாமல் விட்டதல்ல. அது குப்பை என்று யார் மனசிலும் இல்லை.

கிணற்றடியில் எங்களை அறியாமல் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றோம். “எங்க பிள்ளைகளும் இந்தத் தண்ணியத்தானே குடிச்சுச்சுக” என்றாள் மாதா கோயில் தெரு பிலோமினா. பேச்சியம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. “சாமிப் பூவால ஒரு பிள்ளைக்கும் நோவு வராதுடி” என்றாள். பேரன் வீட்டில் காமாலையோடு கிடக்கிறான், இவள் இப்படிச் சொல்கிறாள். எல்லோரும் சவரியக்காவைப் பார்த்தோம். அவரும் மாதா கோயில் தெரு. அவர் ஒரு வார்த்தை குற்றமாகச் சொல்லியிருந்தால் அன்றோடு குழு முடிந்திருக்கும்; கிணற்றுக்கும் நாதியில்லாமல் போயிருக்கும். முருகா, இவர் வாயைக் கட்டு என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரம் அவர் பேசவே இல்லை. பிறகு கூடை தூக்கியவரிடம், “தரையில கொட்டாதீகப்பா, கால் படும். அந்தத் தென்னங்கீத்த விரிச்சு அதுமேல வைங்க” என்றார்.

கால் படும் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததும் எனக்கு மூச்சு வந்தது. பேச்சியம்மாள் ஓடிப்போய்க் கீற்றை இழுத்து வந்தாள். அடுத்த கூடையில் வந்த பையை அவளே பிரித்தாள். உள்ளே அறுந்துபோன ஒரு ஜெபமாலை, குகை மாதிரி கட்டிய கெபியில் மாதாவுக்குப் போட்ட மாலை, சிலுவை போல முடைந்த குருத்தோலை.

“அக்கா, இது உங்காளுக போட்டது.”

“எங்காளுகதான்” என்றார் சவரியக்கா. “இந்த ஓலைய எரிச்சுச் சாம்பலாக்கித் திருநீத்துப் புதனுக்கு நெத்தியில பூசணும். எவளோ சோம்பேறி கெணத்துல போட்டுட்டா.”

“நீங்களும் திருநீறா பூசுறீக?”

“பின்ன? உனக்குத் தெனமும், எங்களுக்கு வருசத்துக்கு ஒருக்கா.”

முதலில் சிரித்தவள் பிலோமினா. இரண்டு கூட்டமும் ஒன்றானது அப்போதுதான்.

“இத மக்குற குப்பைன்னு சொல்ல உங்களுக்கும் வாய் வராது, எனக்கும் வராது. அப்ப நம்மகிட்ட இருக்க ரெண்டு டிரம்மு பத்தாது” என்றார். அப்படி வந்தது மூன்றாவது டிரம். மூடி போட்டு, மஞ்சள் பூசி, கல் மேடை மேல் ஏற்றி வைத்தோம். குளித்தவர்கள்தான் அதைத் தொடுவது. பையும் நாரும் வீட்டிலேயே நீக்கிவிட வேண்டும். பூ கோயில் நந்தவனக் குழிக்குப் போகும், குருத்தோலை மாதா கோயிலுக்குப் போகும். கம்பெனிக்கும் போனோம், டிரம் கேட்டு. குடத்தோடு வருவோம் என்று கேள்விப்பட்டிருந்த அந்த ஆபீசர், குடமில்லாமல் வந்த எங்களைப் பார்த்ததும் நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

பிறகு அவரே ஒருநாள் அந்த டிரம்மைப் படம் எடுக்க வந்தார். கம்பெனி ஆண்டறிக்கையில் போடுவார்களாம். “இதுக்குப் பேரு சஸ்டெயினபிலிட்டி. தமிழ்ல நிலைத்த மேம்பாடுன்னு சொல்லலாம்” என்றார். சவரியக்கா எங்கள் பக்கம் திரும்பி, “வீட்டுல எங்கன வைப்பீக?” என்றார். பேச்சியம்மாள் யோசிக்கவே இல்லை. “உறைமோருதான? நாளைக்கு ஊத்த இன்னிக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்கிறது.” ஆபீசர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். “நல்லா எழுதிக்கிருங்க தம்பி. அப்படியே உங்க போர்வெல்லுலயும் எங்களுக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்க” என்றார் சவரியக்கா. ஆபீசருக்கு அதை எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

அடுத்த கோடையில் ப்ளீச்சிங் பவுடர் செலவு பழைய அளவுக்கு இறங்கியது. கிணற்றில் வாடை இல்லை. தெருவில் எந்தப் பிள்ளைக்கும் காமாலை இல்லை. பேச்சியம்மாளின் பேரன் இப்போது சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறான்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். வழியெல்லாம் ஒரே கவலை. அவர் மேல் போட்ட மாலைகள் குவிந்து கிடக்குமே, அவற்றை என்ன செய்வது? எங்கள் வழக்கத்தில் சாவுப் பூ தீட்டு. சாமிப் பூவோடு சேராது. இதைச் சொன்னால் பிலோமினா மனசு நோகும். சொல்லாவிட்டால் எங்கள் தெரு முகம் சுளிக்கும். நடுவில் நின்று பேசச் சவரியக்காவும் இல்லை.

போய்ப் பார்த்தால் பேச்சியம்மாளும் பிலோமினாவும் கல்லறை ஓரத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, மாலைகளைப் பிய்த்து நாரையும் ஜிகினாவையும் தனியே போட்டுக்கொண்டிருந்தார்கள். பூ முழுக்க ஒரு கீற்றின் மேல் கிடந்தது.

“இது மூணாவது டிரம்முக்கு ஆகாதாமே, இவ சொன்னா” என்றாள் பிலோமினா. “சரித்தான், அதுக்காகக் குப்பையிலயும் போட முடியாதுல்ல. அந்தச் செவுத்தோரம் குழி வெட்டச் சொல்லியாச்சு. நின்னுக்கிட்டு என்ன பாக்குறீக மதினி, உக்காருங்க.”

உட்கார்ந்தேன். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது, கிணற்றடியில் அவர் பேசாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரம். இன்னொருவர் கும்பிட்டது இடம் மாறிக் கிடக்கக் கண்டால், வாயைத் திறக்குமுன் கீற்றை விரிக்க வேண்டும் என்பது. அதை நான் ஒருத்திதான் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். எனக்கு முன்னாலேயே வந்து இரண்டு பேர் விரித்துவிட்டார்கள்.