வட்டுக்கோட்டைக்கு ஒரு விவாதம் கேட்கப் போனது

காலை ஐந்தே முக்கால் மணிக்குக் கொடிகாமம் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றோம். நாங்கள் ஐந்து பேர்: நான், மகள் சங்கவி, அவளோடு உயர்தர வகுப்பில் படிக்கிற இரண்டு பிள்ளைகள், அவர்களின் விவாதக் கழகத்துக்குப் பொறுப்பான ரீச்சர். வட்டுக்கோட்டையில் ஒரு பழைய பாடசாலையில் அன்றைக்குப் பாடசாலைகளுக்கிடையிலான விவாதப் போட்டி. வெல்கிற அணி மாகாணப் போட்டிக்குப் போகும். எங்கள் பாடசாலை ஒருநாளும் அவ்வளவு தூரம் போனதில்லை. சங்கவிதான் அணித்தலைவி. அவளுக்குப் பாடசாலையில் இது கடைசி வருடம் என்றபடியால் இன்னொரு முறை கிடையாது.

"மூண்டு பொம்பிளைப் பிள்ளையளோடை நான் தனிய ரண்டு பஸ் மாறேலாது, ஒரு தகப்பன் வந்தால் நல்லது" என்று ரீச்சர் கேட்டதால் நான் கூடப் போனேன். மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் மாறுகிற வேலையை மனைவி பார்ப்பதாகச் சொன்னா. நான் எட்டாம் வகுப்போடு நிறுத்தியவன். விவாதம் என்று ஒன்றை நேரே கேட்டதில்லை. ஆனால் தலைப்பு எனக்குத் தெரிந்த விஷயம்: ஆலயத் திருவிழாச் செலவைக் குறைத்துக் கல்விக்குக் கொடுக்க வேண்டும், இதற்கு ஒரு பக்கம் வேண்டும் என்று பேசும், மற்றது வேண்டியதில்லை என்று பேசும். எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் ஆறாந் திருவிழா என்னுடைய உபயம். என் தகப்பனார் காலத்திலிருந்து அந்த நாளின் செலவு முழுவதும் எங்கள் வீட்டுப் பொறுப்பு. ஆகவே ஒரு கிழமையாக இரவுச் சாப்பாட்டுக்கு முன்னம், வேண்டியதில்லை என்பதற்கு என்னென்ன சொல்லலாமென்று மகளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளும் சின்ன மட்டைகளில் எழுதினாள்.

யாழ்ப்பாணத்துக்கு ஆளுக்கு நூற்றிருபது ரூபா. மீசாலை தாண்டிச் சாவகச்சேரியில் நின்ற பஸ் பிறகு அசையவில்லை. பின்படியால் வாழைக்குலைகளை ஏற்றினார்கள். நான் இரண்டு தரம் எழும்பி இருந்துவிட்டு நடத்துனரிடம் போனேன்.

"தம்பி, நாங்கள் எட்டரைக்கு வட்டுக்கோட்டையிலை நிக்கோணும்."

"ஐயா, வாழைக்குலைக்கும் நேரத்துக்குச் சந்தைக்குப் போகோணும். அது வாய் திறந்து கேக்கேல்லை, அவ்வளவுதான்."

திரும்பி வந்தபோது சங்கவி மடியில் இரண்டு கட்டு மட்டைகள் இருந்தன. ஒன்றில் சிவப்பு றப்பர் வளையம், மற்றதில் பச்சை.

"உதென்ன மற்றது?"

"மற்றப் பக்கம், அப்பா."

"என்ன மற்றப் பக்கம்?"

"எந்தப் பக்கம் எண்டு அங்கை காசு சுண்டித்தான் சொல்லுவினம். ரண்டுக்கும் பழகோணும்."

அதை எனக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. கைதடி, நாவற்குழி எல்லாம் போனது எனக்குத் தெரியாது. பாலத்தில் உப்புக்காற்று முகத்தில் அடித்தபோதுதான் வெளியே பார்த்தேன். பச்சை வளையம் போட்ட கட்டுத்தான் தடிப்பாய் இருந்தது. அது எந்தப் பக்கம் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் வடையும் பிளேன்ரீயும். பிள்ளைகள் சாப்பிட்டார்கள், என்னுடைய வடையையும் அவர்களுக்கே கொடுத்தேன். காரைநகர் பஸ்ஸில் ஆளுக்கு எழுபது ரூபா. மானிப்பாய், சண்டிலிப்பாய், சங்கானை என்று தோட்டங்களுக்கு நடுவால் போகிற பாதை. வெங்காயம் நட்ட தரை எங்கள் பக்கத்து மணலைப்போல் இல்லை, நல்ல சிவப்பு. வேறொரு நாளென்றால் இறங்கி ஒரு பிடி அள்ளிப் பார்த்திருப்பேன். எட்டு நாற்பதுக்கு வட்டுக்கோட்டையில் இறங்கி, பாடசாலைக்குக் கிட்டத்தட்ட ஓடினோம்.

எங்கள் முறை பத்து மணிக்கு. ஒன்பதரைக்கு ஒரு ஆசிரியர் ஐந்து ரூபா நாணயக் குற்றியைச் சுண்டினார். எங்களுக்கு விழுந்தது, வேண்டும் என்ற பக்கம். சங்கவி சிவப்பு வளையக் கட்டைப் பையில் போட்டாள். நான் ஒரு கிழமை சொன்னதெல்லாம் அந்தக் கட்டில்தான். பச்சையைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் முற்றத்து வேப்பமரத்தைப் பார்த்தேன்.

ஆயத்தம் செய்ய அரை மணித்தியாலம் கொடுத்தார்கள். நான் கேற்றால் வெளியே வந்து, சந்திக்குப் பக்கத்திலிருந்த சின்னப் பிள்ளையார் கோயிலுக்கு நடந்தேன். கற்பூரம் ஏற்றினேன். பிள்ளை வெல்ல வேண்டும் என்று கேட்கத்தான் போனது. ஆனால் எதைச் சொல்லி வெல்ல வேண்டும் என்று நினைத்ததும் நாக்கு எழும்பவில்லை. உமக்குச் செய்கிறது வீண்செலவு என்று அவள் பேசப்போகிறாள், அதை நன்றாய்ப் பேச அருள்புரியும் என்று அவரிடமே எந்த முகத்தோடு கேட்பது? கற்பூரம் எரிந்து முடிந்தது. திருநீற்றை மட்டும் பூசிக்கொண்டு திரும்பினேன்.

பாடசாலை வேப்பமரத்தடி வாங்கில் ஒரு அம்மா இருந்தா. கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சின்னச் சிலுவை. என்னுடைய நெற்றியைப் பார்த்துவிட்டுத் தள்ளி இருந்து இடம் தந்தா.

"ஐயா ஆற்றை அப்பா?"

"கொடிகாமத்து அணியிலை சங்கவி எண்ட பிள்ளை. நீங்கள்?"

"மற்ற அணியிலை ஜோயல். அவன்ரை அம்மா. உங்கடையவை என்ன பக்கம்?"

"செலவைக் குறைக்கோணும் எண்ட பக்கம்."

அவ சிரித்தா. "எங்கடையவன் திருவிழாப் பக்கம். நாங்கள் மெதடிஸ்தக்காரர், ஐயா. ஒரு கிழமையாய்ப் பக்கத்து வீட்டு ஐயரிட்டைப் போய், கொடியேத்தம் எண்டால் என்ன, தீர்த்தம் எண்டால் என்ன எண்டு கேட்டுக் கேட்டு எழுதினவன். தகப்பன் ஒண்டும் சொல்லேல்லை. சாப்பாட்டு மேசையிலை செபத்தை மட்டும் கொஞ்சம் நீட்டிப்போட்டார்."

"நீங்கள் செபிச்சியளோ?"

"தொடங்கினனான். கர்த்தரே, என்ரை பிள்ளை தேர்த் திருவிழாவைப் பற்றி நல்லாய்க் கதைக்கோணும் எண்டு சொல்ல வருதில்லை."

"நானும் இப்ப அதுக்குத்தான் போட்டு வாறன். எனக்கும் வரேல்லை."

"அப்ப மாறிச் செய்வமோ? நீங்கள் என்ரை மகனுக்குக் கேளுங்கோ. நான் உங்கடை மகளுக்குச் செபிக்கிறன்."

பகிடியாகத்தான் சொன்னா. மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள், இரண்டு பேரும் எழும்பினோம்.

பத்து ஐந்துக்குத் தொடங்கியது. முன்வரிசையில் எங்கள் ரீச்சருக்குப் பக்கத்தில் நான். எங்கள் பிள்ளைகள் இருவர் பேசினார்கள். நல்ல தமிழ். ஆனால் என்னால் கதிரையில் அசையாமல் இருக்க முடியவில்லை. ரீச்சர் மெதுவாக, "ஐயா, கதிரை சத்தம் போடுது" என்றா.

பிறகு எதிரணியின் தொகுப்புரைக்கு ஜோயல் எழும்பினான். மெலிந்த பிள்ளை, கண்ணாடி. ஒரு தவில்காரரின் வீட்டைப் பற்றிச் சொன்னான். வருடத்தில் நாலைந்து மாதத் திருவிழா மேளத்தில்தான் அந்த வீட்டுப் பிள்ளைகள் கொப்பி வாங்குகிறார்கள், ரியூசனுக்குப் போகிறார்கள், கோயிலில் மேளத்தை நிறுத்தி மிச்சம் பிடிக்கிற காசை எந்தப் பிள்ளையின் கல்விக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்று கேட்டான். "நடுவர் அவர்களே, சுவாமிக்கு முன்னால் அடிக்கிற தவில் எங்கேயோ ஒரு வீட்டில் புத்தகமாகிறது" என்று முடித்தான்.

எங்கள் ஆறாந் திருவிழாவுக்கு வருகிற தவில்காரரும் அப்படித்தான். மூத்த மகள் கம்பசில் படிக்கிறாள். ஒரு கிழமை யோசித்தும் அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பிள்ளை சொல்லிவிட்டான். நான் கை தட்டினேன். பலமாய்த் தட்டினேன். எங்கள் வரிசையில் வேறொருவரும் தட்டவில்லை என்பது, ரீச்சர் என்னுடைய முழங்கையைப் பிடித்தபோதுதான் தெரிந்தது.

மேடையில் சங்கவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது அவளுடைய தொகுப்புரை. மட்டைகளைக் கையில் எடுத்துக்கொண்டு எழும்பினாள். பிறகு அவற்றை மேசையில் வைத்தாள்.

"எதிரணி நண்பருக்கு எங்கள் பக்கத்திலிருந்தும் கைதட்டல் கிடைத்தது. தட்டியவர் என்னுடைய அப்பா."

மண்டபம் சிரித்தது.

"அவர் எங்கள் ஊரில் ஆறாந் திருவிழா உபயகாரர். நான் அவருக்கே சொல்கிறேன். அப்பா, ஆறாந் திருவிழாவில் நாங்கள் பன்னிரண்டு நிமிடம் வாணம் விடுகிறோம். எங்கள் நூலகக் கூரை ஒழுகி, அதைப் பூட்டி இரண்டு வருடம். எங்கள் விவாதக் கழகம் புதன்கிழமைகளில் சைக்கிள் கொட்டகையில் கூடுகிறது. மழை பெய்தால், நனைகிற சைக்கிள்களை உள்ளே எடுத்து எங்களை வெளியே விடுவார்கள். சுவாமி உள்ளே இருக்கிறார். வாணம் வெளியே வெடிக்கிறது. அதை அண்ணாந்து பார்ப்பது நாங்கள். அது அவர் கேட்ட செலவா, நாங்கள் கேட்ட செலவா?"

முதல் மணி அடித்தது. இரண்டாம் மணியும் அடித்தது. அவள் நிறுத்தவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு பேசினாள். சைக்கிள் கொட்டகை பற்றி அவள் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை.

தோற்றுப்போனோம். தலைமை நடுவர் பண்பாகத்தான் சொன்னார்: தொகுப்புரை எதிரணிக்குப் பதில் சொல்லவில்லை, பார்வையாளர் ஒருவரோடு பேசியது, நேரமும் தாண்டிவிட்டது. சங்கவி தலையை ஆட்டிக் கேட்டாள். அவளோடு பேசிய பிள்ளைகளில் ஒருத்தி, எனக்குக் கேட்கும்படியாகவே, "அங்கிள் அவையளின்ரை ஆள் போலை" என்றாள். அவள் சொன்னதில் பிழையில்லை.

வெளியே ஜோயலின் தாய் கிட்ட வந்தா. "ஐயா, உங்கடை பங்கை நீங்கள் வடிவாய்ச் செய்துபோட்டியள்" என்றா. பிறகு என்னுடைய முகத்தைப் பார்த்து, "உங்கடை பிள்ளைக்கு நான் மெய்யாய்ச் செபிச்சனான்" என்றா. இரண்டுக்கும் சேர்த்துக் கும்பிட்டேன்.

பகல் ஒன்றரைக்கு வந்த பஸ்ஸில் திரும்பினோம். யாழ்ப்பாணத்தில் மாறி ஏறியபோது ரீச்சரும் மற்றப் பிள்ளைகளும் முன்னுக்கு இருந்தார்கள். சங்கவி என்னோடு இருந்தாள், ஆனால் யன்னல் பக்கம் பார்த்தபடி. செம்மணி வெளியில் வெயிலுக்குக் கண் கூசியது. எப்படி மன்னிப்புக் கேட்பதென்று யோசித்துக்கொண்டிருந்தேன். நாவற்குழி தாண்டித்தான் அவள் வாய் திறந்தாள்.

"நடுவர் சொன்னது கிடக்கட்டும். நான் உங்களை வெண்டனோ?"

"என்ன பிள்ளை?"

"உங்களோடைதானே கதைச்சனான். வெண்டனோ இல்லையோ எண்டு சொல்லுங்கோ."

சும்மா ஓம் என்று சொல்லிச் சமாளிக்கிற கேள்வியில்லை அது. கைதடி போனது. நுணாவில் போனது. தகப்பனார் விட்ட வாணங்களை நினைத்தேன். சின்ன வயதில் நான் அண்ணாந்து பார்த்ததையும் நினைத்தேன். அவள் சொன்னதுபோல, பார்த்தது நாங்கள்தான்.

சாவகச்சேரியில் பஸ் நின்றபோது சொன்னேன். "வாணத்திலை வெண்டிட்டாய். மேளத்திலை தோத்திட்டாய்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "அப்ப வாணம் இல்லையோ?"

"என்ரை திருவிழாதான். ஆனால் நான் நினைச்சபடி நிப்பாட்டேலாது. கோயில் சபையிலை எழும்பிச் சொல்லோணும். நீ சொன்னமாதிரிச் சொல்ல எனக்கு வராது. எழுதித் தா."

சங்கவி பையைத் திறந்து, எழுதாத மட்டை ஒன்றை எடுத்து முழங்காலில் வைத்தாள். பேனை மூடியைப் பல்லால் கழற்றினாள்.

"முதல்லை, எதிரணியிலை ஆர் ஆர் எண்டு சொல்லுங்கோ அப்பா."