அடைப்புக்குறிக்குள் பூமணி அக்கா

போன கிழமை புளியந்தீவு நூலகத்தில், பக்கத்து மேசையில் இருந்த பல்கலைக்கழக மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "ஐயா, எழுதினவர்ர பேர வசனத்துக்குள்ளயே சொல்லிட்டா, அடைப்புக்குள்ள ஆண்டு மட்டும் போட்டாக் காணுமா?" காணும், அதுவே போதும் என்றேன். நேர் மேற்கோள் என்றால் பக்க எண்ணையும் சேர்க்கச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அடைப்புக்குறி என்ற பேச்சை யார் எடுத்தாலும் எனக்கு வாய் மூடாது. பிள்ளை பாவம், பஸ்ஸை விட்டிருப்பாள். அவளிடம் சொல்ல நேரம் கிடைக்காததை உங்களிடம் சொல்கிறேன்.

அடைப்புக்குறி என்றால் எனக்கு மூக்கில் ஏறுவது சேற்று மணம். கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், எழுதுவினைஞனாகச் சேர்ந்த புதிதில், சனி ஞாயிறுகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வவுணதீவுப் பக்கம் போய்விடுவேன். வயல்வெளியை அங்கே வட்டை என்பார்கள். ஒவ்வொரு வட்டைக்கும் ஒரு பெயர், அந்தப் பெயருக்கு ஒரு காரணம். அவற்றை வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத ஆசை. யார் சொன்னது, எந்த நாள், அன்று மழையா வெயிலா என்பதுவரை குறித்துக்கொள்வேன். "பொலிஸ்காரன் மாதிரிக் கேக்கான்" என்று என்னைப் பற்றி ஊரில் பேச்சு.

பெயர்களில் பெரும்பகுதியைச் சொன்னவர் பூமணி அக்கா. தாய்வழியாக வந்த காணியைத் தானே முன்னின்று செய்பவர். வீட்டில் இருந்துகொண்டு எதையும் சொல்லமாட்டார்; வரம்பில் கொண்டுபோய் நிறுத்தித்தான் சொல்வார்.

"இதுதான் பாய்விரிச்சான். மாரியில வாவித் தண்ணி ஏறினா, பாய் விரிச்ச மாதிரிக் கிடக்கும். நம்பாட்டி மாரிக்கு வந்து பாருங்க தம்பி."

மாரிக்கும் போனேன். தண்ணீர் அவர் சொன்னபடியேதான் கிடந்தது. என் செருப்பில் ஒன்று இன்றைக்கும் அந்தச் சேற்றுக்குள்தான் இருக்க வேண்டும்.

கட்டுரையை ஓர் ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. என் முதல் கட்டுரை. அவர் சொன்ன ஒவ்வொரு தகவலுக்கும் பின்னால் (பூமணி, நேர்காணல்) என்று எழுதிக் கொடுத்திருந்தேன். திருத்தம் பார்க்க அச்சுப்படி வந்தபோது எல்லா இடத்திலும் (கந்தையா, நேர்காணல்) என்றிருந்தது. அடைப்புக்குள் குடும்பப் பெயர் வர வேண்டும் என்பது அந்த இதழின் விதியாம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? கட்டுரையின் கடைசியில் தகவல் தந்தவர்கள் பட்டியலில் கந்தையா பூமணி என்று நான் முழுதாக எழுதியிருந்ததைப் பிடித்துக்கொண்டு, அவருடைய தகப்பனைக் கொண்டுவந்து உட்கார்த்திவிட்டார்கள்.

அச்சுப்படியோடு பூமணி அக்கா வீட்டுக்குப் போனேன். கந்தையா அப்பா வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். வாசித்துக் காட்டினேன்.

"நான் எப்ப மனெ சொன்னன்?" என்று மகளைப் பார்த்துக் கேட்டார் அவர்.

"நீங்க எப்பப்பா வட்டைப் பக்கம் போன நீங்க? கலியாணம் முடிச்சு வந்த நாளில இருந்து கடைத்தெருதானே" என்றார் மகள்.

"என்டாலும் பேர் வடிவாத்தான் கிடக்கு."

பூமணி அக்கா சிரிக்கவில்லை. "தம்பி, சேத்துக்குள்ள நடந்து காட்டினது நான். அம்மாட காணி, அம்மா சொல்லித் தந்த பேர். நாளைக்கு ஆரும் வந்து விசாரிச்சா இவர் என்னத்தச் சொல்லுவார்? ஒண்டில் என்ர பேரப் போடுங்க. இல்லாட்டி நான் சொன்னதெல்லாத்தையும் எடுங்க."

அவர் சொன்னதை எடுத்தால் கட்டுரையில் என் பெயரும் தலைப்பும்தான் மிஞ்சும்.

இதழாசிரியர் ஒரு விரிவுரையாளர். "விதியை மாத்த ஏலாது தம்பி. விருப்பமில்லாட்டிக் கட்டுரையைத் திருப்பி எடும்" என்றார். பையிலிருந்து அவர்களுடைய முந்தைய இதழை வெளியே எடுத்தேன். அதில் அவர் தம் பழைய கட்டுரை ஒன்றைத் தாமே சுட்டியிருந்த பக்கத்தை விரித்தேன்.

"சேர், இந்த அடைப்புக்குள்ள இருக்கிறது உங்கட பேரா, அப்பாட பேரா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அவருடைய சொந்தப் பெயர்தான்.

"நல்லா வாசிக்கிறீர் போல" என்றவர், சிவப்புப் பேனையை எடுத்துக் கந்தையாக்களை ஒவ்வொன்றாகத் தம் கையாலேயே வெட்டினார். அடுத்த இதழில் விதியும் மாறியது: தமிழ்ப் பெயர்களைச் சொந்தப் பெயராலேயே சுட்டுக. அந்த வரிக்குக் கீழே யார் பெயரும் இல்லை. ஆனாலும் நான் எழுதியவற்றைவிட அந்த ஒரு வரியில்தான் எனக்குப் பெருமை அதிகம்.

அந்த இதழ் எப்போதோ நின்றுபோனது. கந்தையா அப்பாவும் இல்லை, பூமணி அக்காவும் இல்லை. உழவு இயந்திரத்துக்கு வசதியாக வரம்புகளை வெட்டி வயல்களை ஒன்றாக்கிவிட்டார்கள். இப்போது அங்கே வாய்க்கால் இலக்கத்தைச் சொல்லித்தான் இடம் கேட்கிறார்கள். பாய்விரிச்சான் என்றால் இளம் பொடியன்களுக்கு விளங்காது. யாராவது பழைய பெயர் கேட்டு வந்தால், பூமணி அக்காவின் மகள் அந்தக் கட்டுரையை எடுத்து வந்து வாசித்துக் காட்டுவார். அடைப்புக்குறிக்குள் இருப்பதை யாரும் வாய்விட்டு வாசிப்பதில்லை. அவர் மட்டும் ஒவ்வொரு வட்டையின் பெயருக்கும் பிறகு, "பூமணி, நேர்காணல்" என்று நிறுத்தி வாசிப்பார்.