நான்கு பார் மட்டும் கரும்பச்சை

பொள்ளாச்சிப் பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர் தென்னந்தோட்டம் இருக்கிறது. "அடுத்த வருஷத்திலிருந்து யூரியா கிடையாது" என்று ஐந்து வருடமாகச் சொல்லிக்கொண்டே யூரியா போட்டு வருகிறேன். அந்த வெட்கம் தாங்காமல்தான், போன புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, தாராபுரம் பக்கம் ரசாயன உரமே இல்லாமல் மஞ்சள் வைத்திருக்கும் செல்வி அக்காவைப் பார்க்கக் கிளம்பினேன்.

நான் குடியிருக்கும் கோவையில், சிங்காநல்லூரிலிருந்து காலை 5.40க்குப் பேருந்து. பல்லடம் வழியாக எண்பது கிலோமீட்டர் சொச்சம். எட்டு மணிக்குத் தாராபுரம். அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 200 ரூபாய். "இன்னைக்கு அவிய தோட்டத்துக்கு ஆபீசர் வாராருங்க" என்றார் ஓட்டுநர்.

உண்மைதான். மூன்று வருடம் ரசாயனம் தொடாமல் இருந்தால் இயற்கை விளைச்சல் என்று சான்று கொடுப்பார்கள். அக்காவுக்கு அன்று மூன்றாம் வருடத்தின் கடைசி ஆய்வு.

வயலைச் சுற்றிக் காட்டினார். இரண்டு ஏக்கரும் வெளிர்பச்சை. கிணற்றோரம் நான்கு பார், அதாவது நான்கு வரிசை, மட்டும் கரும்பச்சை. "அட, இதுதான் ஜோரா வந்திருக்கு" என்று நான் வேறு படம் எடுத்தேன். அக்கா குனிந்து ஓர் இலையைத் தடவிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஏனுங்க, இங்க வாங்க."

கணவர் பழனிசாமி அண்ணன் மெதுவாக வந்து நின்றார். "மஞ்ச வெளுத்துப் போச்சுன்னு ஆளாளுக்குப் பேசறாங்க அம்மணி. மனசு கேக்கல. நாலு பாருக்கு மட்டும் யூரியா தூவிப்போட்டேன்."

"நாலு பார்தானே அக்கா, ஆபீசருக்கா தெரியப்போகுது?" என்றேன். ஐந்து வருடம் சாக்குச் சொன்ன வாய் அல்லவா!

"எனக்குத் தெரியுமுங்களே. வாங்கித் திங்கறவிய என்னைய நம்பித்தானுங்க வாங்கறாங்க."

பதினொரு மணிக்கு வந்த அதிகாரியை அக்கா நேராக அந்த நான்கு பாருக்கே கூட்டிப்போனார். அக்கா வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்: "நான்தானுங்க சார் யூரியா போட்டேன். இவளுக்குத் தெரியாதுங்க."

வயல் முழுவதற்கும் மறுபடி முதல் வருடம் என்று அதிகாரி எழுதினார். அக்கா அழுதார். அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டார். அதிகாரி போனதும், இயற்கை உரத்துக்காகச் சாணமும் கோமியமும் வெல்லமும் ஊறும் பீப்பாயிலிருந்த கோலை எடுத்துக் கணவரிடம் நீட்டினார்.

"இனி மூணு வருசத்துக்கும் நீங்கதான் கலக்கோணும். காத்தால ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா."

"செரி அம்மணி."

போகிறவர்களுக்கு: முதல் நாளே சொல்லிவிட்டுப் போங்கள். தொப்பியும் தண்ணீரும் அவசியம். தோட்டத்தருகே கடை கிடையாது. திரும்ப, மாலை நாலரைக்கு டவுன் பஸ் உண்டு, 12 ரூபாய். எந்தப் பயிர் நன்றாக இருக்கிறது என்று என்னைப் போல முந்திக்கொண்டு சொல்லாதீர்கள்.

ஊர் திரும்பியதும், பிரிக்காத இரண்டு மூட்டை யூரியாவைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடைக்காரர் "அடுத்த மாசம் வருவீங்க பாருங்க" என்று சிரித்தார். ஆறு மாதம் ஆகிறது. என் தென்னை மட்டை கொஞ்சம் வெளுத்துத்தான் இருக்கிறது, நான் போகவில்லை.