வானத்தில் காணாமல் போனது

என் மாமனாரை நினைத்தால் முதலில் வருவது, அவர் கையில் ஆறிப்போன காபிதான். தொண்ணூறுகளின் நடுவில், மேட்டுப்பாளையத்தில் அவர் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். அவர் பாக்கு வியாபாரி. நான் பீளமேட்டில் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். சம்பளம், சொந்த வீடு, கூடப்பிறந்தவர்கள் எல்லாம் விசாரித்து முடித்த பிறகு, லீவு நாளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். வால்நட்சத்திரம் தேடுவேன் என்று சொல்லிவிட்டேன். பக்கத்திலிருந்த என் அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

“வால்நட்சத்திரம் தெரிஞ்சா ஆகாதும்பாங்களே, தம்பி?”

“இது ரொம்பச் சின்னதுங்க. வெறுங்கண்ணுக்கே தெரியாது. சில வருசத்துக்கு ஒருக்கா சூரியனைச் சுத்தி வந்துட்டிருந்துச்சு. ரெண்டு தடவை பாத்திருக்காங்க. அதுக்கப்பறம் யார் கண்ணுலயும் படலீங்க. காணாமப் போச்சு.”

உதட்டருகே போன டம்ளர் அப்படியே நின்றது. “வானத்துலயே காணாமப் போகுமுங்களா?”

அதன்பின் அவர் காபியைத் தொடவில்லை. கல்யாணப் பேச்சும் நின்றுபோனது. எத்தனை பெரிது, எதனால் ஆனது, யாரெல்லாம் தேடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உள்ளிருந்து அவர் மனைவி கூப்பிட்டது காதில் விழவில்லை. கணக்குப்படி இந்த மாசியில் மேற்கு வானத்தில், மேஷ ராசிப் பக்கம் வந்தாக வேண்டும் என்றேன். “அப்ப வர்ற ஞாயித்துக்கெழமை இங்கயே கொண்டாந்து காட்டுங்க. பாத்துப்போட்டு மத்ததைப் பேசிக்கலாம்” என்றார். மகனின் கல்யாணம் இப்படி ஆகாயத்தில் தொங்குகிறதே என்று அப்பா வழியெல்லாம் புலம்பினார்.

நானே பாகங்களைச் சேர்த்துச் செய்த தொலைநோக்கி அது. போர்வை சுற்றி பஸ்ஸில் ஏற்றியபோது கண்டக்டர் போர்வெல் பைப் என்று நினைத்து லக்கேஜ் டிக்கெட் போட்டார். மாமனார் வீட்டு மொட்டை மாடியில் அதை நிறுத்தி, நீலகிரிக்குப் பின்னால் கடைசி வெளிச்சமும் மறையும்வரை காத்திருந்தோம். இருட்டியதும் அவர்தான் முதலில் குனிந்தார். ஆர்வத்தில் குழாயைப் பிடித்து அங்குமிங்கும் நகர்த்தினார். திடீரென்று, “அதா! புகையாட்டத் தெரியுதுங்க! அதுதானுங்களே?” என்றார்.

நான் பார்த்தேன். மங்கலாக, ஊதினால் கலைந்துவிடும்போல் ஒரு திட்டு இருந்தது. அப்பா என் முழங்கையைக் கிள்ளி, “ஆமான்னு சொல்லிப்போடு” என்றார் மெதுவாக. சொல்லியிருக்கலாம். அந்த மாடியில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

“இல்லீங்க. இது வெகுதூரத்துல இருக்கற நட்சத்திரக் கூட்டமுங்க. எப்பவும் அங்கயேதான் இருக்கும். நாம தேடறது இங்க இருக்கணும்.” குழாயைத் திருப்பிக் காட்டினேன்.

அவர் நெடுநேரம் பார்த்தார். “இங்க ஒண்ணுமில்லீங்களே.”

“ஆமாங்க. ஒண்ணுமில்லீங்க.”

“அப்பறம் எங்க போயிருக்கும்?”

என் தொலைநோக்கிக்கு எட்டாத அளவுக்கு மங்கியிருக்கலாம், கணக்கே பிசகியிருக்கலாம். வியாழன் கிரகம் இழுத்து வேறு பாதையில் தள்ளியிருக்கலாம். உடைந்து தூசியாகியிருக்கலாம். இல்லை, பனியெல்லாம் தீர்ந்து வெறும் கறுப்புக் கல்லாக இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அப்போது, அம்மாவோடு மேலே வந்து நின்றிருந்த பெண் முதல்முறையாகப் பேசினாள்.

“கறுப்புக் கல்லா இருந்தா, நம்ம பக்கத்துல போனாக்கூடத் தெரியாதுங்களா?”

“இருட்டுல தெரியாதுங்க.”

அவள் வந்து குனிந்து, ஒன்றுமில்லாத அந்த இடத்தை நிதானமாகப் பார்த்தாள். இந்தச் சம்பந்தம் அமையாமல் போய்விடுமோ என்ற பயம் எனக்கு அப்போதுதான் வந்தது.

மாமனார் அன்று ஒரு முடிவும் சொல்லவில்லை. சாப்பாடு போட்டு அனுப்பிவைத்தார். பஸ் காரமடையைத் தாண்டியதும் அப்பா, “ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல முடியல உன்னால” என்றார். பங்குனி பிறந்தும் தகவல் இல்லை. அப்பா வேறு இடம் பார்க்கத் தொடங்கினார்.

ஒருநாள் மத்தியானம் கம்பெனி வாசலில் ஆள் வந்திருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் மாமனார். எதிர் டீக்கடைக்கு அழைத்துப் போனேன்.

“ஏனுங் தம்பி, வியாழன் இழுத்துப்போட்டுதுன்னே வெச்சுக்குங்க. மறுபடி பழைய பாதைக்கே வந்து சேருமுங்களா?”

அதைக் கேட்கத்தான் வந்திருந்தார். நான் மேசையில் தண்ணீரால் கோடு போட்டு விளக்கினேன். அது காய்வதற்குள் அடுத்த கேள்வி கேட்டார். பஸ் வந்ததும் எழுந்து ஓடியவர், படியில் நின்றபடி திரும்பினார். “எங்க அம்மணிக்கும் சம்மதமுங்க. வைகாசியில வெச்சுக்கலாம்!”

கல்யாணத்துக்குப் பின் எப்போது போனாலும், செருப்பைக் கழற்றுவதற்குள், “மாப்ள, சிக்குச்சுங்களா?” என்பார். இன்றுவரை யாருக்கும் சிக்கவில்லை. இப்போது தானாக வானத்தைத் துழாவும் பெரிய தொலைநோக்கிகள் வந்துவிட்டன. என் மனைவி போனில் அந்தச் செய்திகளைத் தேடிப் படிக்கிறாள். அந்த மாடியில் நின்றால் தெருவிளக்கு வெளிச்சத்தில் மேஷ ராசியே தெரிவதில்லை. கேட்பதற்கு அவரும் இல்லை.

இருந்த காலத்தில் ஒருமுறை நான் கேட்டேன். “அன்னிக்கு நான் பொய் சொல்லலைன்னுதான் பொண்ணு குடுத்தீங்களா, மாமா?”

“அட, அதில்லீங்க. பொய் சொல்லாதவங்களை நானும் பாத்திருக்கறேன். ஒண்ணுமில்லீங்கன்னு சொன்னீங்களே, அப்ப உங்க கொரல்ல ஒரு குஷி இருந்துச்சு. காணாமப் போனதுக்குச் சந்தோசப்படற ஆளை அன்னிக்குத்தான் பாத்தேன். என்னதான் அதுல இருக்குதுன்னு கூட வெச்சுப் பாத்தாத்தானுங்களே தெரியும்?”

“தெரிஞ்சுதுங்களா?”

“எங்கீங்க,” என்று சிரித்தார். “அதுக்குள்ள எனக்கும் தொத்திக்கிச்சே.”